கிட்டார் கேள்வி - பதில்: கழுத்தை நிமிர்த்துவது வேறு, கம்பியை இறக்குவது வேறு

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பி உயரமாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை, இறக்கினால் இரைகிறது என்று வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மிக மெல்லிய கம்பியை 1-ம் கம்பி என்றும், மிகத் தடித்ததை 6-ம் கம்பி என்றும் குறிப்பிடுகிறோம். கம்பி உயரம் என்பது கம்பியின் அடிப்பக்கத்துக்கும் ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோட்டின்) உச்சிக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஃப்ரெட்போர்டு மரம் வரைக்கும் அளந்தால் எல்லாக் கணக்கும் பிசகிவிடும்.

கேள்வி: என் கிட்டாரில் கம்பிகள் உயரமாக இருக்கின்றன. ட்ரஸ் ராடை முறுக்கினால் இறங்கிவிடும் என்று நண்பர் சொல்கிறார். எந்தப் பக்கம், எவ்வளவு முறுக்க வேண்டும்?

பதில்: முறுக்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ட்ரஸ் ராட் கம்பி உயரத்தைச் சரிசெய்வதற்கான பாகம் அல்ல. கழுத்தின் வளைவைச் சரிசெய்வதற்காக உள்ளே வைத்த இரும்புத் தண்டு அது. அதை முறுக்கினால் கம்பி கொஞ்சம் இறங்கும், உண்மைதான். ஆனால் 0.1, 0.2 மி.மீ. அளவுக்குத்தான். உயரம் ஒரு மி.மீ. அதிகம் என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அதை ட்ரஸ் ராடால் தீர்க்கப் போனால் கழுத்து பின்பக்கம் வளைந்து, முதல் ஐந்து ஃப்ரெட்டுகளும் இரையத் தொடங்கும்.

கழுத்து முழு நேராக இருப்பதும் சரியில்லை. மீட்டிய கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும். ஸ்கிப்பிங் கயிற்றைச் சுழற்றும்போது பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்துக்கு இடம் விட, கழுத்து முன்பக்கமாக மிகச் சிறிதளவு குழிந்திருக்க வேண்டும். இதைத்தான் ரிலீஃப் என்கிறார்கள்.

அளக்கும் முறை இது. கம்பிகளை நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சுருதிக்கு ஏற்றுங்கள். தளர்ந்த கம்பியோடு அளந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. கிட்டாரை வாசிக்கும் நிலையில், பக்கவாட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். மல்லாத்திப் படுக்க வைத்தால் கழுத்தின் எடையே அளவைக் கொஞ்சம் மாற்றும். 1-ம் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டில் 6-ம் கம்பியை விரலால் அழுத்துங்கள். பல கிட்டார்களில் அது 16 அல்லது 17-ம் ஃப்ரெட்டாக இருக்கும். இப்போது கம்பியே உங்களுக்கு நேர்கோட்டு அளவுகோல். 7 அல்லது 8-ம் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். ஃபீலர் கேஜ் இல்லையா? 0.010 அங்குல 1-ம் கம்பியில் வெட்டிப் போட்ட மிச்சத்துண்டு 0.25 மி.மீ. தடிமன், அதுவே போதும்.

ஃபெண்டர் நிறுவனம் தன் கிட்டார்களுக்குச் சொல்லும் அளவுகளைப் பொது வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரெட்போர்டின் குறுக்கு வளைவு 7.25 அங்குல ஆரமாக இருந்தால் 0.30 மி.மீ.; 9.5 முதல் 12 அங்குலம் என்றால் 0.25, 15 முதல் 17 அங்குலம் என்றால் 0.20. கை மென்மையாக விழுபவர்கள் 0.15 வரை இறக்கிக்கொள்ளலாம். உங்கள் அளவு 0.2-க்கும் 0.3-க்கும் நடுவே இருந்தால் ட்ரஸ் ராடைத் தொடவே வேண்டாம், அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள்.

இடைவெளி 0.4, 0.5 என்று வந்தால் ராடை இறுக்க வேண்டும். ராடின் முனையிலுள்ள மரைக்கு நேராகப் பார்த்தபடி கடிகார திசையில் திருப்பினால் இறுகும், கழுத்து நிமிரும். எதிர்த் திசையில் திருப்பினால் தளரும், கம்பியின் இழுவை கழுத்தை முன்னுக்கு வளைக்கும். கம்பி எல்லா ஃப்ரெட்டிலும் ஒட்டிக்கொண்டு இடைவெளியே தெரியவில்லை என்றால், தளர்த்துவதுதான் மருந்து.

ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். இறுக்கும்போது நடுக் கம்பிகள் இரண்டையும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் மரைக்குச் சுமை குறையும். திருப்பிய பிறகு மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளக்க வேண்டும். மரம் உடனே முழுசாக அசைந்து கொடுக்காது. சில கழுத்துகள் மறுநாள் காலையில்தான் கடைசி 0.05 மி.மீ.யைக் காட்டும். அவசரப்பட்டு இன்னொரு கால் சுற்று கொடுத்தால் மறுநாள் கழுத்து அளவுக்கு மேல் நிமிர்ந்திருக்கும்.

சாவி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கிட்டாரோடு வந்த சாவி இல்லையென்றால் சரியான அளவை விசாரித்து வாங்குங்கள். 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ.; அதில் 5 மி.மீ. ஆலன் கீ நுழையாது, 4.5 மி.மீ. நுழைந்து உள்ளே நழுவும். நழுவிய சாவி மரையின் ஆறு மூலைகளையும் வழித்துவிடும். கிப்ஸன் கிட்டார்களில் 5/16 அங்குலக் குழல் சாவி வேண்டும். பழைய பாணி ஃபெண்டரில் மரை கழுத்தின் அடிமுனையில் இருக்கும். எட்டவில்லை என்றால் கழுத்தைக் கழற்றித்தான் திருப்ப வேண்டும்.

கேள்வி: கழுத்து சரி. கம்பி உயரம் எவ்வளவு இருக்கலாம்? ஒவ்வொருவரும் ஒரு எண் சொல்கிறார்கள்.

பதில்: எண்கள் முட்டுவதற்கு ஒரு காரணம், எந்த ஃப்ரெட்டில் அளந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது. ஃபெண்டர் 17-ம் ஃப்ரெட்டில் அளக்கச் சொல்கிறது, கிப்ஸன் 12-ம் ஃப்ரெட்டில். ஒரே கிட்டாரில் 17-ம் ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. இருந்தால் 12-ல் அதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். இந்த அளவைக் கேபோ இல்லாமல், கம்பியை எங்கும் அழுத்தாமல் எடுக்க வேண்டும்.

ஃபெண்டர் அளவு: 9.5 முதல் 12 அங்குல ஆரத்துக்கு 17-ம் ஃப்ரெட்டில் இரண்டு ஓரக் கம்பிகளும் 1.6 மி.மீ.; 7.25 அங்குலத்துக்கு 6-ம் கம்பி 2.0, 1-ம் கம்பி 1.6, 15-17 அங்குலத்துக்கு 1.6, 1.2. கிப்ஸன் அளவு: 12-ம் ஃப்ரெட்டில் 6-ம் கம்பி 2.0, 1-ம் கம்பி 1.2. அரை மி.மீ. கோடு உள்ள ஸ்டீல் ஸ்கேல் போதும், ஆனால் அதன் ஓரத்திலிருந்தே பூஜ்யம் தொடங்க வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலில் தொடக்கத்தில் விட்டிருக்கும் வெற்று விளிம்பு உங்களை ஏமாற்றும்.

பிரிட்ஜில், அதாவது உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகத்தில், திருப்பும்போது ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். 12-ம் ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதி. அதனால் 12-ல் 0.5 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டை) 1 மி.மீ. இறக்க வேண்டும். இது தெரியாதவர்கள் கொஞ்சம் திருப்பிப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரேயடியாக முறுக்கிவிடுகிறார்கள்.

கம்பிக்கு ஒரு சேடில் உள்ள பிரிட்ஜில் ஒவ்வொரு சேடிலுக்கும் இரண்டு சிறிய ஆலன் திருகுகள் இருக்கும். 1.5 மி.மீ., 1/16 அங்குலம், 0.050 அங்குலம் என்று மூன்று அளவுகள் புழக்கத்தில் உள்ளன; மூன்றும் ஒன்றுக்கொன்று கிட்ட, ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டு திருகையும் சமமாகத் திருப்புங்கள், சேடில் சாய்ந்து நிற்கக் கூடாது. முதலில் 1, 6-ம் கம்பிகளை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, நடுவில் உள்ள நான்கையும் ஃப்ரெட்போர்டின் குறுக்கு வளைவைப் பின்பற்றி வைக்க வேண்டும். எல்லாச் சேடிலும் ஒரே மட்டத்தில் நின்றால் 3, 4-ம் கம்பிகள் ஃப்ரெட்டுக்கு மிக நெருக்கமாக வந்து இரையும். இந்த வளைவு கண்ணால் கணிக்கக் கூடியது அல்ல. 17-ம் ஃப்ரெட்டில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக அளந்து வையுங்கள்.

டியூன்-ஓ-மேடிக் வகைப் பிரிட்ஜில் அந்த வளைவு வார்ப்பிலேயே அமைந்துவிட்டது. இரு முனைகளிலும் உள்ள சக்கரங்களை மட்டும் திருப்பினால் போதும். உயர்த்தும்போது கம்பிகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். முழு இழுவைக்கு எதிராகச் சக்கரத்தைச் சுற்றினால் மரை தேயும்.

எண்ணை எட்டிவிட்டோமே என்று நிறுத்தவும் வேண்டாம், எட்டவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். பலமாக மீட்டும் கைக்கு 1.6 போதாது, 2.0 வேண்டும். மிகத் தாழ்ந்த கம்பியில் வேகம் வரும், ஆனால் மீட்டலில் ஏற்ற இறக்கம் காட்ட இடம் இருக்காது. 0.2 மி.மீ. விட்டுக்கொடுத்தால் கிடைக்கும் தெளிவு, பலருக்கு அந்த வேகத்தைவிடப் பயன்படும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: 5-ம் ஃப்ரெட்டுக்கு மேல் சுலபமாக இருக்கிறது. ஆனால் 1-ம் ஃப்ரெட்டில் பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளையும் அழுத்தும் பிடி) பிடித்தால் கை நோகிறது. பிரிட்ஜை இன்னும் இறக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது நட்டின், அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில் காடிகளில் கம்பிகளைத் தாங்கும் கட்டையின், கோளாறு. பிரிட்ஜ் உயரம் 1-ம் ஃப்ரெட்டை அதிகம் பாதிப்பதில்லை. ஒரு சின்னச் சோதனை: 1-ம் ஃப்ரெட்டில் கேபோ போட்டுவிட்டு, 2-ம் ஃப்ரெட்டில் அதே பார் கார்டைப் பிடியுங்கள். சட்டென்று லேசாகிவிட்டால் நட்டின் காடி போதிய ஆழம் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் மலிவு விலைக் கிட்டார்களில் மிகப் பரவலான குறை இதுதான். காடி ஆழம் குறைந்தால் பின்னால் வெட்டிக்கொள்ளலாம், அதிகமானால் நட்டையே மாற்ற வேண்டும். அதனால் தொழிற்சாலை உயரமாகவே விட்டுவிடுகிறது. இன்னோர் அடையாளம், திறந்த (எங்கும் அழுத்தாத) கம்பி சுருதியில் நிற்கும், 1, 2-ம் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறிக் கேட்கும். உயரமான கம்பியைக் கீழே அழுத்தும்போது அது நீள்கிறது அல்லவா, அதன் விளைவு.

அளக்க, ஒவ்வொரு கம்பியையும் 3-ம் ஃப்ரெட்டில் அழுத்தி, 1-ம் ஃப்ரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 1-ம் கம்பியில் 0.05 மி.மீ., 6-ம் கம்பியில் 0.1 முதல் 0.15 மி.மீ. இருந்தால் நன்று. 1-ம் ஃப்ரெட்டின் மேல் கம்பியை விரல் நுனியால் தட்டினால் மெல்லிய ‘டிக்’ சத்தம் வர வேண்டும். சத்தமே வரவில்லை என்றால் கம்பி ஏற்கெனவே ஃப்ரெட்டில் உட்கார்ந்துவிட்டது.

காடியை ஆழப்படுத்த, கம்பித் தடிமனுக்கு ஏற்ற நட் அரங்கள் வேண்டும். சாதாரண முக்கோண அரம் காடியை V வடிவில் வெட்டிவிடும். கம்பி அதில் சிக்கி, சுருதி சேர்க்கும்போது ‘டங்’ என்று துள்ளும். அரம் கம்பியைவிட 0.05 முதல் 0.1 மி.மீ. வரை அகலமாக இருக்கலாம். அரத்தைத் தலைப்பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். காடியின் மிக உயர்ந்த இடம் ஃப்ரெட்போர்டு பக்கம் இருக்க வேண்டும். மாற்றிச் சாய்ந்தால் திறந்த கம்பி சித்தார் போல ரீங்கரிக்கும். மூன்று நான்கு இழுப்பு, கம்பியை ஏற்றிச் சுருதி சேர்த்து அளவு, மறுபடி மூன்று நான்கு இழுப்பு. சலிப்பான வேலைதான், ஆனால் இதில் பின்வாங்க வழி கிடையாது. அப்படியும் ஒரு காடி ஆழமாகிவிட்டால், சமையல் சோடாவைக் காடியில் நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் கெட்டியாக இறுகும். அதன் மேல் மறுபடி வெட்டலாம். நீண்ட காலத்துக்குப் புது நட்தான் சரி. நட் அரம் வாங்கும் எண்ணமே இல்லையென்றால் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: ட்ரஸ் ராட் மரை அசையவே இல்லை. எண்ணெய் விட்டு முழுப் பலத்தோடு திருப்பலாமா?

பதில்: முழுப் பலம் என்ற பேச்சே வேண்டாம். ராட் உடைந்தால் ஃப்ரெட்போர்டைக் கழற்ற வேண்டிவரும். கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிட்டு, முதலில் தளர்த்தும் திசையில் கால் சுற்று முயலுங்கள். இளகினால் மரையைக் கழற்றி, மரையிலும் அது உட்காரும் வளையத்திலும் ஒரு துளி மசகு வைத்துத் திரும்பப் பூட்டலாம் (கழற்றக்கூடிய மரைக்கு மட்டும் இது; இருவழி ராடில், அதாவது கழுத்தை இரு பக்கமும் வளைக்கக்கூடியதில், கழற்ற முடியாது). எண்ணெயை ஊற்ற வேண்டாம், மரம் குடித்துவிடும்.

இருவழி ராடில் நடுவில் ஒரு வெற்றுப் பகுதி உண்டு. அதில் சாவி இரு பக்கமும் எதிர்ப்பின்றிச் சுற்றும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், இன்னும் கொஞ்சம் திருப்பினால் பிடிக்கும். மாறாக, மரை இறுகிக்கொண்டே போயும் கழுத்து நிமிரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மரையின் திருகு முடிந்திருக்கும், அல்லது மரையின் கீழ் மரம் நசுங்கியிருக்கும். நசுங்கிய இடத்தில் ஓரிரு வளையங்கள் கூடுதலாகப் போட்டுச் சரிசெய்வார்கள், அது தொழில் தெரிந்தவர் வேலை.

கேள்வி: உயரத்தைக் குறைத்தபின் கம்பி இரைகிறது. எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எங்கே இரைகிறது என்பதே பாதி விடை. முதலில் ஆம்ப்ளிஃபையரில் கேட்டுப் பாருங்கள். இணைக்காமல் வாசிக்கும்போது கேட்கும் இரைச்சலில் பெரும்பகுதி பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தப் பாகம்) வழியே வராது. ஆம்பில் கேட்காமலும், ஸ்வரம் சீக்கிரம் அணையாமலும் இருந்தால் அதை விரட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

திறந்த கம்பி மட்டும் இரைந்து, எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுத்தமாகக் கேட்டால் நட் காடி ஆழமாகிவிட்டது. 1 முதல் 5-ம் ஃப்ரெட் வரை இரைந்து மேலே சுத்தமாக இருந்தால் கழுத்து அளவுக்கு மேல் நேராக இருக்கிறது, அல்லது பின்னால் வளைந்திருக்கிறது. ராடைக் கால் சுற்று தளர்த்துங்கள். 12-க்கு மேல் மட்டும் இரைந்தால் பெரும்பாலும் சேடில் தாழ்வு. சேடிலை நியாயமான உயரத்துக்கு ஏற்றியும் நிற்கவில்லை என்றால், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஃப்ரெட்போர்டு மேல்நோக்கி எழும்பியிருக்கலாம். ட்ரஸ் ராடின் பிடி அந்த இடத்தில் எட்டாது. அங்கே ஃப்ரெட்டுகளைத் தேய்த்து மட்டம் செய்வதுதான் வழி.

எல்லா ஃப்ரெட்டிலும் சிறிது சிறிதாக இரைந்தால் உயரம் பொதுவாகவே குறைவு, சேடிலை ஏற்றுங்கள். இது சாதாரண விஷயம், ஆனால் இதற்கும் ராடைத் திருப்புபவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே இடத்தில், உதாரணமாக 3-ம் கம்பி 7-ம் ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால், குற்றவாளி பெரும்பாலும் 7-ம் ஃப்ரெட் அல்ல. அழுத்திய இடத்துக்கு அடுத்த ஃப்ரெட், அதாவது 8 உயர்ந்து நிற்கிறது. சில சமயம் 7-ஏ தேய்ந்து பள்ளமாகியிருக்கும். மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் மட்டும் உட்காரும் நீளமுள்ள நேரான இரும்புத் துண்டை 7, 8, 9-ன் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் நடுவில் உள்ள 8 உயரம். 6, 7, 8-ன் மேல் வைக்கும்போது ஆடாமல், 7-க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் 7-ல் பள்ளம். கம்பிக்குக் கம்பி இடம் மாற்றிச் சோதியுங்கள், ஃப்ரெட் ஓர் ஓரத்தில் மட்டும் எழும்பியிருக்கக்கூடும்.

உயர்ந்த ஃப்ரெட்டை அரத்தால் தேய்க்கும் முன், அது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்துண்டால் அழுத்தும்போது கீழே இறங்கினால், காடியிலிருந்து கிளம்பியிருக்கிறது என்று பொருள். ரப்பர் முனைச் சுத்தியலால் மெல்லத் தட்டி உட்கார வைத்து, மெல்லிய சூப்பர் க்ளூவை ஓரத்தில் ஊற விட்டு, மரத்துண்டோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ஃப்ரெட்போர்டின் மீது பசை படாமல் இருபக்கமும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். தளர்வு இல்லாமலேயே மூன்று நான்கு ஃப்ரெட்டுகள் ஏற்ற இறக்கமாக இருந்தால், ஒவ்வொன்றாகத் தேய்ப்பது வீண். முழு ஃப்ரெட்போர்டையும் ஒரே தடவையில் மட்டம் செய்து, ஒவ்வொரு ஃப்ரெட்டின் உச்சியையும் மறுபடி உருட்டையாக்க வேண்டும்.

பழைய கம்பியோடு இதையெல்லாம் ஆராயாதீர்கள். துருப்பிடித்து ஃப்ரெட் படும் இடங்களில் நசுங்கிய கம்பி, நல்ல கிட்டாரிலும் இரையும்.

கேள்வி: 1-ம் கம்பியை 12 முதல் 15-ம் ஃப்ரெட்டில் பெண்டு செய்தால் (பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றினால்) ஸ்வரம் திடீரென்று செத்துப்போகிறது. சாதாரணமாக வாசித்தால் பிரச்சினை இல்லை.

பதில்: உங்களுடையது 7.25 அங்குல ஆரமாக இருக்க வாய்ப்பு அதிகம். வளைவான பரப்பில் ஓரத்திலிருக்கும் கம்பியை நடுநோக்கித் தள்ளும்போது, அதன் பாதையில் மேலே உள்ள ஃப்ரெட்டின் நடுப்பகுதி உயரமாக எதிர்ப்படுகிறது. கம்பி அதில் பட்டு அடங்கிவிடுகிறது. 1, 2-ம் கம்பிகளை 0.2 முதல் 0.4 மி.மீ. ஏற்றுங்கள். 1-ம் கம்பி 17-ம் ஃப்ரெட்டில் 1.6-க்குக் கீழே போனால் இந்த ஆரத்தில் முழுத் தொனி பெண்டு பெரும்பாலும் வராது. மேல் ஃப்ரெட்டுகளை மட்டும் தட்டையான ஆரத்துக்குத் தேய்த்துக்கொடுக்கும் வழியும் உண்டு, ஃப்ரெட்டில் உயரம் மிச்சம் இருந்தால்.

கேள்வி: சேடில்களை அடிவரை இறக்கிவிட்டேன். இன்னும் 12-ம் ஃப்ரெட்டில் 2.5 மி.மீ. இருக்கிறது. சேடில் திருகுகள் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் குத்துகின்றன.

பதில்: கழுத்தின் கோணம் தவறு. திருகால் பூட்டிய கழுத்தாக இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். கழுத்து உட்காரும் குழியில், பிரிட்ஜுக்கு அருகில் உள்ள ஓரத்தில், ஒரு மெல்லிய தகடு வைக்க வேண்டும். தகடு கழுத்தின் அடியை உயர்த்தும், தலைப்பக்கம் பின்னால் சாயும், கம்பிகள் ஃப்ரெட்போர்டை நோக்கி இறங்கும்.

0.25 மி.மீ.யில் தொடங்குங்கள். 25.5 அங்குல, அதாவது 648 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில், குழியின் அடி ஓரத்தில் 0.5 மி.மீ. தகடு வைத்தால், அதே கம்பி உயரத்துக்கு சேடிலை ஏறக்குறைய 1.5 முதல் 2 மி.மீ. வரை ஏற்ற வேண்டியிருக்கும். உங்கள் சேடில்கள் மறுபடி நடுநிலைக்கு வர இது போதும். அளவு மிஞ்சினால் எதிர்ப் பிரச்சினை, சேடில்கள் உச்சிக்குப் போய்விடும்.

கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தின் திருகுகளைக் கழற்றி, பழைய தகடு ஏதும் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலைகீழாக, தலைப்பக்க ஓரத்தில் யாரோ வைத்துவிட்ட தகட்டை எடுத்தாலே சில கிட்டார் சரியாகிவிடும். ஓரத்தில் மட்டும் சின்னத் துண்டு வைத்தால் நடுவில் வெற்றிடம் விழும். குழியின் முழு நீளத்துக்கும் ஆப்பு போலச் சீவிய மரத்தகடு அதைவிட நல்லது. மடித்த காகிதம், அட்டை நாளடைவில் நசுங்கும். திருகுகளைத் திரும்பப் பூட்டும்போது, எதிர்த் திசையில் மெல்லச் சுழற்றி, பழைய மரைத் தடத்தில் ‘க்ளிக்’ என்று விழுந்ததும் முறுக்குங்கள். இல்லையென்றால் புதுத் தடம் வெட்டி மரம் பிய்யும்.

சில ஃபெண்டர் கிட்டார்களில் பின்பக்க உலோகத் தட்டில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே உள்ள ஆலன் திருகே கோணத்தை மாற்றிவிடும், தகடு தேவையில்லை. ஆனால் அதைத் தொடும் முன் அதன் பக்கத்திலுள்ள கழுத்துத் திருகுகளைத் தளர்த்த வேண்டும்.

பசையால் ஒட்டிய கழுத்தில் இந்த வழி கிடையாது. அங்கே பிரிட்ஜில் செய்ய முடிந்ததைச் செய்ய வேண்டும், அல்லது கழுத்தையே பெயர்த்து ஒட்டும் பெரிய வேலை.

குத்தும் திருகுகளுக்கு: சேடில் சரியான உயரத்துக்கு வந்ததும் பெரும்பாலும் உள்ளே மறைந்துவிடும். மறையாவிட்டால் நீளம் குறைந்த திருகுகள் கிடைக்கின்றன.

கேள்வி: 9-42 கம்பியிலிருந்து (1-ம் கம்பி 0.009, 6-ம் கம்பி 0.042 அங்குலத் தடிமன்) 10-46-க்கு மாறினேன். டிரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை மாற்றும் வகை) முன்னால் எழும்பி, கம்பிகள் எல்லாம் உயர்ந்துவிட்டன.

பதில்: சேடிலைத் தொடாதீர்கள். 648 மி.மீ. நீளத்தில், வழக்கமான சுருதியில், 9-42 செட்டின் மொத்த இழுவை ஏறக்குறைய 38 கிலோ. 10-46 செட்டில் 47 கிலோ. இந்த 9 கிலோ வித்தியாசத்தைப் பின்பக்க ஸ்பிரிங்குகள் தாங்க வேண்டும். பின் மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கியும் இரண்டு நீளத் திருகுகளும் தெரியும். இரண்டையும் சம அளவில் அரைச் சுற்று இறுக்குங்கள், சுருதி சேருங்கள், பிரிட்ஜின் நிலையைப் பாருங்கள். சுருதி சேர்த்ததும் பிரிட்ஜ் மறுபடி எழும்பும், மறுபடி அரைச் சுற்று. நான்கைந்து சுற்றுப் போகும், பொறுமையாகச் செய்யுங்கள். திருகு கடைசிவரை போயும் இறங்கவில்லை என்றால் ஒரு ஸ்பிரிங் கூடுதலாகப் போடுங்கள்.

ஃபெண்டர் பாணி மிதக்கும் டிரெமலோவில் பிரிட்ஜின் பின் ஓரம் உடலிலிருந்து 3.2 மி.மீ. உயரத்தில் நிற்பது வழக்கம். ஃபிளாய்ட் ரோஸ் என்ற டிரெமலோ வகையில் பிரிட்ஜின் தகடு உடலுக்கு இணையாக நிற்க வேண்டும். அதன் உயரத்தை இரண்டு தூண் திருகுகளால் மாற்றலாம். ஆனால் கம்பிகளைத் தளர்த்தாமல் திருப்பினால் தூணில் பொருந்தும் கத்தி முனை மழுங்கி, டிரெமலோவை அசைத்தபின் பழைய சுருதிக்குத் திரும்பவே திரும்பாது.

கம்பி தடிமன் மாறியதால் கழுத்தும் இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கும். ஸ்பிரிங் வேலை முடிந்ததும் ரிலீஃபை மறுபடி அளக்க வேண்டும், பின்புதான் உயரம்.

கேள்வி: எல்லாம் இறக்கியாகிவிட்டது. இப்போது மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சேரவில்லை. தடித்த கம்பிகள் அலையடிப்பது போலக் கேட்கின்றன.

பதில்: இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். அலையடிப்பது பிக்கப்பினால். கம்பிகள் இறங்கியதும் பிக்கப்புக்கு நெருக்கமாகிவிட்டன. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் காந்தம் கம்பியைத் தன்பக்கம் இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, கம்பியின் அடியிலிருந்து காந்த முனை வரை அளந்து பாருங்கள். பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு ஃபெண்டர் சொல்வது 6-ம் கம்பி பக்கம் 2.4 மி.மீ., 1-ம் கம்பி பக்கம் 2.0. ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) இரு பக்கமும் 1.6. கழுத்தோரப் பிக்கப்பைத்தான் முதலில் இறக்கிப் பார்க்க வேண்டும், அங்கே கம்பியின் ஆட்டம் அதிகம்.

பிக்கப்பை இறக்கிய பிறகே இன்டனேஷனுக்கு (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பதற்கு) வாருங்கள், இல்லையென்றால் காந்த இழுவை டியூனரையே குழப்பும். 12-ம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) எடுத்து டியூனரில் சேருங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் சாதாரணமாக அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, அதாவது கழுத்தைவிட்டு விலகும்படி நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்கு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு ஹார்மோனிக்கை மறுபடி சேர்த்தாக வேண்டும். வாசிக்கும்போது அழுத்தும் அளவுக்கே விரலை அழுத்துங்கள். டியூனருக்காக இறுக்கினால் அளவு பொய்யாகும்.

கேள்வி: கம்பி மாற்றும்போதெல்லாம் இவ்வளவும் செய்ய வேண்டுமா? ஆறு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றினால் கழுத்து கெடும் என்கிறார்களே?

பதில்: அதே தடிமன், அதே சுருதி என்றால் வேண்டாம். ரிலீஃபை மட்டும் ஒரு முறை அளந்து பார்த்தால் போதும், ஒரு நிமிட வேலை. காற்றில் ஈரம் மாறும் பருவங்களில் கழுத்து 0.1 மி.மீ. அசைவது சகஜம், எந்தப் பக்கம் அசையும் என்பது அந்த மரத்தைப் பொறுத்தது. கிட்டார் இருக்கும் அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் இந்த அசைவு குறையும்.

எல்லாக் கம்பிகளையும் ஒரு மணி நேரம் கழற்றி வைத்து ஃப்ரெட்போர்டைத் துடைப்பதால் கழுத்துக்கு எதுவும் ஆகாது. மிதக்கும் டிரெமலோ இருந்தால் மட்டும் பிரிட்ஜின் அடியில் ஒரு மரத்துண்டைச் செருகிக்கொண்டு கழற்றுங்கள், ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துவிடாமல் இருக்க. டியூன்-ஓ-மேடிக் பிரிட்ஜ் கம்பியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. கம்பிகளைக் கழற்றியதும் கையோடு வந்துவிடும். எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.